நீதிபதி வீட்டுக்கு வழி சொல்லும் கோப்புகள்: அரசு அலுவலகத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) கீழ் ஒரு மனு. வெள்ளைத் தாளில், கையெழுத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வந்திருந்தது. மொத்தம் 7 கேள்விகள். முதல் நான்கும் வழக்கமானவை: நீதிபதி ஒருவருக்கு ஒதுக்கிய அரசு காருக்கு ஒரு வருடத்தில் எத்தனை லிட்டர் டீசல், எவ்வளவு செலவு, ரிப்பேர் பில் என்ன, டயர் எப்போது மாற்றப்பட்டது. ஐந்தாவதில் 3 மாத லாக் புக்கின் ஜெராக்ஸ். ஆறாவதில் குடியிருப்பின் கதவு எண். ஏழாவதில் டிரைவரின் பெயரும் செல் நம்பரும். நான் அப்போது கடலூர் மாவட்டத்தில், நீதித்துறை வாகன பில்களும் குடியிருப்புக் கோப்புகளும் வந்து போகிற ஓர் அலுவலகத்தில், இப்படிப்பட்ட மனுக்களுக்குப் பதில் தரவேண்டிய பொதுத் தகவல் அலுவலராக இருந்தேன். பிரிவு உதவியாளர் ஏழு கேள்விக்கும் பதில் தயாரித்து, ஜெராக்ஸ் போட்டு, நூல் கட்டி, கையெழுத்துக்கு மேஜையில் வைத்துவிட்டார். "கேட்டிருக்காங்க, நம்மகிட்ட இருக்கு, குடுத்துட வேண்டியதுதானே சார்? குடுக்கலைன்னா உங்க சம்பளத்துலதான் 25,000 பிடிப்பாங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

கையெழுத்துப் போடும் முன் லாக் புக் நகலைச் சும்மா புரட்டினேன். நீலக் கோடு போட்ட நீளமான பக்கம். தேதி, புறப்பட்ட இடம், நேரம், சேர்ந்த இடம், நேரம், மீட்டர் ரீடிங், கடைசியில் கையெழுத்து. காலை 9.40 குடியிருப்பு முதல் நீதிமன்றம். மாலை 5.50 நீதிமன்றம் முதல் குடியிருப்பு. செவ்வாய், வியாழன் மட்டும் 5.10க்கே கிளம்பி, ஒரு டியூஷன் சென்டர் வழியாக வீடு. டியூஷன் சென்டரின் பெயர், தெருவின் பெயர் எல்லாம் டிரைவர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்திருந்தார். ஆனால் 3 மாதப் பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்த வீட்டுப் பிள்ளை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில் நிற்கும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நூலை அவிழ்த்தேன்.

மனு போட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. நல்லவராகவே இருக்கலாம். சட்டப்படி அதை நான் கேட்கவும் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(2) மனுதாரரிடம் காரணம் கேட்கக்கூடாது என்கிறது. அதனால்தான் நாம் ஆளை வைத்து முடிவெடுக்க முடியாது, தகவலை வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்தது நாளைக்கு வாட்ஸ்அப்பில் ஊருக்கே போகும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்படிப்பட்ட கோப்புகளைக் கையாளுகிற உதவியாளர்கள், கணினிப் பிரிவில் இருப்பவர்கள், விஏஓக்கள், பொதுப்பணித்துறையில் டெண்டர் போடுகிறவர்கள், அப்புறம் நீதிபதி வீட்டில் இருக்கிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மறைக்கக்கூடாதது எது

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதுகாப்பு என்ற பெயரில் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போடுகிற பழக்கம் நம் அலுவலகங்களில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். நீதிபதியின் தீர்ப்பு, சம்பளம், படிகள், அரசு காருக்கு ஆன செலவு, எத்தனை வழக்கு முடித்தார், எத்தனை நிலுவை, எங்கே பணியாற்றினார் என்பதெல்லாம் மக்களுக்கு உரிய தகவல். இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமே தகவல் அறியும் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று 2019 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சொத்து விவரங்கள் அந்த நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே வந்தன. அது நல்லது, வரவேண்டியதும்கூட. ஒரு நீதிபதிக்கு எந்த ஊரில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்பது பொது விஷயம். இன்று இரவு அவர் எந்தக் கதவுக்குப் பின்னால் தூங்குகிறார் என்பது பொது விஷயம் கிடையாது.

நான் பயன்படுத்தும் கேள்வி இதுதான்: இந்தத் தகவல் அவர் பார்க்கிற வேலையைப் பற்றிச் சொல்கிறதா, அவர் வீட்டுக்கு வழியைச் சொல்கிறதா? வீட்டு விலாசம், சொந்த செல் நம்பர், சொந்த மின்னஞ்சல், சொந்த வண்டி நம்பர், பிள்ளைகளின் பள்ளி, மனைவி அல்லது கணவர் வேலை பார்க்கும் இடம், ஆதார், பான், வங்கிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு, தினமும் போய்வரும் நேரமும் பாதையும், இவை எல்லாம் இரண்டாவது வகை. ஒரு காகிதத்தில் இரண்டும் கலந்திருந்தால் பிரித்துக் கொடுக்க வேண்டும். கலந்திருக்கிறது என்பதற்காக முழுசாக மறுக்கவும் கூடாது, முழுசாகக் கொடுக்கவும் கூடாது.

என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு

2020 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் எஸ்தர் சாலஸ் என்ற கூட்டாட்சி நீதிபதியின் வீட்டு அழைப்பு மணி அடித்தது. பார்சல் கொண்டுவந்தவரைப் போல வேஷம் போட்டு வந்த ஆள், கதவைத் திறந்த 20 வயது மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றான், கணவரையும் சுட்டான். வந்தவன் அதே நீதிபதி முன் ஒரு வழக்கில் ஆஜரான வக்கீல். வீட்டு விலாசம் உட்படக் குடும்பத்தைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வைத்திருந்தான். அந்த வருடம் நவம்பரிலேயே அந்த மாநிலம் டேனியல் பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நீதிபதியோ குடும்பத்தாரோ எழுத்தில் கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் விலாசத்தை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும். 2022 டிசம்பரில் நாடு முழுவதும் உள்ள கூட்டாட்சி நீதிபதிகளுக்காக இன்னொரு சட்டம் வந்தது, அதில் கெடு 72 மணி நேரம். அரசு அலுவலகங்களுக்கும் அது பொருந்தும்.

நம் நாட்டில் 2021 ஜூலை 28, ஜார்க்கண்டில் தன்பாத். கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த் விடியற்காலையில் வழக்கம்போல் நடக்கப் போனார். காலியான ரோட்டில் ஓர் ஆட்டோ வேண்டுமென்றே ஓரத்துக்கு ஒதுங்கி வந்து அவர்மேல் ஏற்றிவிட்டுப் போனது. சிசிடிவியில் அது பதிவானது, நாடே பார்த்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அடுத்த வருடம் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை. அங்கே தகவல் எந்தக் கோப்பிலிருந்தும் கசிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு நீதிபதி தினமும் எந்த நேரத்தில் எந்த ரோட்டில் இருப்பார் என்பது எவ்வளவு பெரிய தகவல் என்று அந்தச் சிசிடிவி படம் காட்டியது. நான் லாக் புக்கை மூடி வைத்ததற்கு அதுதான் காரணம்.

டேனியல் பெயரில் உள்ளது போன்ற தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. இருக்கிற சட்டங்களை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். அவையே போதுமான அளவுக்கு இருக்கின்றன, நாம்தான் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. நம் ஊர் முன்சீஃப்புக்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் சுற்றி நிற்பதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பலர் வாடகை வீட்டில், நம் தெருவிலேயே, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். ஜாமீன் மறுத்தவனும், ஜப்தி உத்தரவு வாங்கினவனும், ஜீவனாம்சம் கட்டச் சொல்லப்பட்டவனும் அதே ஊரில்தான்.

ஆர்டிஐ மனு வந்தால்

மனு வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே எல்லாம் நாள் கணக்குதான். சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் கேட்கிற தகவல் மூன்றாம் நபரை, அதாவது மனுதாரர் அல்லாத வேறொருவரைப் பற்றியது, அவர் அதை ரகசியமாக வைத்திருக்கிறார் என்றால், பிரிவு 11ன்படி மனு கிடைத்த 5 நாளுக்குள் அவருக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவருக்கு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 10 நாள் அவகாசம், அதற்குள் தன் கருத்தைச் சொல்லலாம். அப்படிப்பட்ட மனுவில் நீங்கள் 40 நாளுக்குள் முடிவெடுத்தால் போதும். இந்த 5 நாளைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். மனு தபால் பிரிவில் 3 நாள், கண்காணிப்பாளர் மேஜையில் 4 நாள் என்று கிடந்து, பிரிவுக்கு வரும்போதே கெடு தாண்டியிருக்கும். நீதிபதி, நீதிமன்றம், குடியிருப்பு, வாகனம் என்ற சொற்கள் இருக்கிற மனுவைத் தபால் பிரிவிலேயே தனியாக எடுத்து அன்றைக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

மறுக்கப் பயன்படும் பிரிவுகள் முக்கியமாக இரண்டு. 8(1)(ஜி) என்பது, வெளியிட்டால் ஒருவரின் உயிருக்கோ உடல் பாதுகாப்புக்கோ ஆபத்து வரும் என்கிற தகவலுக்கு. 8(1)(ஜே) என்பது தனிப்பட்ட தகவலுக்கு. இந்த இரண்டாவது பிரிவு 2025 நவம்பரில் மாறியது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ன் 44(3) நடைமுறைக்கு வந்ததால், முன்பு அந்தப் பிரிவில் இருந்த நிபந்தனைகள் போய், தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று சுருங்கிவிட்டது. சரி, வேலை சுலபமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 8(2) அப்படியே இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொது நலன் பெரியது என்றால் கொடுக்கலாம். 8(1)(ஜே)யை விளக்குமாறு மாதிரி வைத்து எல்லாக் கேள்வியையும் கூட்டித் தள்ளுகிற பதில்களை நான் நிறையப் பார்க்கிறேன், எனக்கு அது வருத்தம்தான். அதனால் விலாசம், போன், பாதை என்று வரும்போது நான் 8(1)(ஜி)யையும் சேர்த்து எழுதுவேன், என்ன ஆபத்து என்று ஒரு வரி காரணமும் சொல்வேன்.

பிரிவு 10 தான் நமக்கு உண்மையான நண்பன். கொடுக்கக்கூடியதைப் பிரித்துக் கொடு என்கிறது. அந்த 7 கேள்வி மனுவுக்கு நான் அனுப்பிய பதிலில் ஐந்தாவது கேள்விக்கு ஏறக்குறைய இப்படி எழுதினேன்:

"லாக் புக் பதிவுகளில் தேதி, ஓடிய கிலோமீட்டர், அலுவல் பயணமா சொந்தப் பயணமா என்ற விவரம், நிரப்பிய எரிபொருள், சொந்தப் பயணத்துக்குச் செலுத்தப்பட்ட தொகை ஆகியவை இணைப்பில் வழங்கப்படுகின்றன. புறப்பட்ட நேரம், சென்ற இடங்கள், ஓட்டுநரின் பெயர் ஆகியவை வெளியானால் அலுவலரின் மற்றும் குடும்பத்தினரின் அன்றாட நடமாட்டம் வெளிப்பட்டு உடல் பாதுகாப்புக்கு ஆபத்து ஏற்படும் என்பதால், பிரிவு 8(1)(ஜி)ன்படி அவை மட்டும் பிரிவு 10ன் கீழ் நீக்கப்பட்டுள்ளன."

கவனித்துப் பாருங்கள், அரசு காரைச் சொந்த வேலைக்கு ஓட்டினார்களா, ஓட்டினால் பணம் கட்டினார்களா என்பதைத் தெரிந்துகொள்ள மனுதாரருக்கு முழு உரிமை இருக்கிறது, அந்தப் பதில் முழுசாகப் போய்விட்டது. டியூஷன் சென்டர் இருக்கிற தெரு மட்டும் போகவில்லை. ஆறாவது கேள்விக்கு, அரசுக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டுள்ளது, வாடகைப்படி வழங்கப்படவில்லை, மாதம் இவ்வளவு பிடித்தம் என்று பதில். கதவு எண் இல்லை. ஏழாவதில் அந்த வாகனத்துக்கு நிரந்தர ஓட்டுநர் ஒருவர் உள்ளார் என்று மட்டும்.

மறுப்புப் பதிலில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்யலாம். முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள் நம் அலுவலகத்திலேயே உள்ள மேல் அதிகாரியிடம். இரண்டாவது 90 நாளுக்குள். இங்கேதான் நம் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்று. பெண்ணையாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கடலூர் அலுவலகம் என்றால் இரண்டாவது மேல்முறையீடு சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. வடக்கே புதுச்சேரி அரசு அலுவலகம் என்றால், யூனியன் பிரதேசம் என்பதால், டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. உயர் நீதிமன்றம் இரண்டு ஊருக்கும் சென்னைதான், ஆணையம்தான் வேறு. பழைய பதிலை அப்படியே நகலெடுத்து ஒட்டும்போது இது தவறிவிடும்.

கொடுக்காவிட்டால் அபராதம் என்று பயப்படுகிறவர்களுக்கு: நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 என்பது உண்மைதான். ஆனால் அது நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தால், தாமதித்தால். காரணத்தை எழுதி, பிரித்துக் கொடுத்து, நாளுக்குள் அனுப்பினால் அந்தப் பயம் வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்த செயலுக்குப் பிரிவு 21 பாதுகாப்புத் தருகிறது. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் போட்டு அனுப்பிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பது நமக்கு மட்டும்தான் பாதுகாப்பு.

யாரும் கேட்காமலே போகிறவை

மனுவில் போவதைவிட, நாமே இணையத்தில் ஏற்றி வைப்பதில்தான் அதிகம் போகிறது. சிலவற்றைச் சொல்கிறேன்.

அரசிதழ். பெயர் மாற்ற அறிவிப்புகளை எப்போதாவது படித்திருக்கிறீர்களா? பழைய பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, பிறந்த மாவட்டம், இப்போது வசிக்கும் வீட்டின் கதவு எண், தெரு, பின்கோடு, எல்லாம் ஒரே பத்தியில் இருக்கும், பிடிஎஃப் ஆக இணையத்திலும் கிடைக்கும். நீதிபதியின் மகள் தன் பெயரின் இனிஷியலை மாற்ற விண்ணப்பித்தால், அப்பாவின் பெயரும் வீட்டு விலாசமும் சேர்ந்து என்றைக்கும் அழியாமல் அங்கே நிற்கும். அரசு இதழை அச்சானபின் திருத்துவது மிகக் கடினம். அதனால் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்: விண்ணப்பிக்கும்போதே எந்த விலாசம் அச்சாகும் என்று கேளுங்கள், சொந்த ஊரில் பெரியவர்கள் இருக்கும் நிரந்தர விலாசம் உண்மையிலேயே இருந்தால் அதை ஏற்பார்களா என்று விசாரியுங்கள். பொய் விலாசம் மட்டும் எழுதாதீர்கள், அது வேறு வம்பு.

டெண்டர். இதை யாருமே நினைத்துப் பார்ப்பதில்லை. நீதிபதி குடியிருப்பில் சுற்றுச்சுவரை உயர்த்தும் பணி, பின்வாசல் கதவு மாற்றும் பணி, கேமரா பொருத்தும் பணி என்று டெண்டர் அறிவிப்பு வரும். கூடவே மதிப்பீட்டில் சுவர் எத்தனை அடி, கேமரா எத்தனை, எந்தப் பக்கம் என்று அளவோடு இருக்கும். நல்ல எண்ணத்தில் பாதுகாப்புக்காகச் செய்கிற வேலையின் வரைபடத்தையே ஊருக்கு விரித்து வைக்கிறோம். தலைப்பில் "அரசுக் குடியிருப்பு, கடலூர்" என்று பொதுவாக எழுதுங்கள். யார் குடியிருக்கிறார் என்பது செங்கல் சிமெண்ட் விலைக்குத் தேவையில்லை. கேமரா, பூட்டு, அலாரம் போன்ற வேலைகளைத் தனியாகப் பிரித்து, விவரத்தை இணையத்தில் வைக்காமல் நேரில் வந்து பார்க்கும் ஒப்பந்ததாரருக்கு மட்டும் காட்ட விதி இடம் தருகிறதா என்று செயற்பொறியாளரிடம் கேளுங்கள். பில் தொகை எப்போதும் வெளிப்படையாகவே இருக்கட்டும்.

அழைப்பிதழும் சுற்றறிக்கையும். மக்கள் நீதிமன்றம், சட்ட விழிப்புணர்வு முகாம் என்றால் நோட்டீஸில் தொடர்புக்கு என்று ஒரு செல் நம்பர் போடுவார்கள், அது சில சமயம் நீதிபதியின் சொந்த நம்பராகவே இருக்கும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத் தொலைபேசியையும் 15100 என்ற இலவச எண்ணையும் போடுங்கள், அதற்காகத்தான் அவை இருக்கின்றன. பணிமூப்புப் பட்டியலில் பிறந்த தேதி, தேர்தல் பணிப் பட்டியலில் விலாசமும் போனும், இவற்றை உள்ளே சுற்றுக்கு விடுகிற பிரதி வேறு, இணையத்தில் ஏற்றுகிற பிரதி வேறு என்று இரண்டாகத் தயாரிக்கும் பழக்கம் வேண்டும்.

நிலப் பதிவேடுகள் பற்றி ஒரு வார்த்தை. பட்டா, வில்லங்கச் சான்று, புதுச்சேரியில் நிலமகள் என்ற நிலப் பதிவு இணையதளம், இவையெல்லாம் எவரும் பார்க்கலாம் என்று இருப்பது நிலம் வாங்குகிறவன் ஏமாறாமல் இருக்கத்தான். பதிவுச் சட்டம் 1908ன் பிரிவு 57ம் முதல் புத்தகத்தை (அசையாச் சொத்துப் பத்திரங்களின் பதிவேடு) எவரும் பார்வையிடலாம் என்கிறது. அதை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் பத்திரம் எழுதும்போது கொஞ்சம் யோசிக்கலாம். வாங்குபவர் விலாசத்தில் "மாண்பமை மாவட்ட நீதிபதி" என்று பெருமையாக எழுதும் பத்திர எழுத்தர்கள் உண்டு. அரசுப் பணி என்று எழுத முடியுமா என்று கேளுங்கள். ஆதார் நகல் இணைக்க வேண்டிய இடத்தில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்றும் கேளுங்கள். ஆதார் எண்ணைப் பொதுவில் காட்டக்கூடாது என்று 2016ம் வருட ஆதார் சட்டத்தின் பிரிவு 29ம் சொல்கிறது, அது நீதிபதிக்கு மட்டுமில்லை, நம் எல்லோருக்கும்தான்.

வாக்காளர் பட்டியலில் பெயர், உறவினர் பெயர், வயது, வீட்டு எண் இருக்கும். இதில் நாம் செய்ய அதிகம் இல்லை, பட்டியல் பொதுவாக இருப்பது தேர்தலுக்கு அவசியம். வாக்குச்சாவடி அலுவலர் வீட்டுக்கு வரும்போது "இது ஜட்ஜ் வீடு" என்று தன் குறிப்பில் எழுதுவதைத் தவிர்த்தாலே போதும்.

கறுப்பு அடிக்கிற முறை

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், மறைத்துவிட்டோம் என்று நினைத்து மறைக்காமலே அனுப்பிய பதில்களைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கணினியில் வேர்டு கோப்பைத் திறந்து, விலாசத்தின் மேல் கறுப்புக் கட்டம் ஒன்றை வரைந்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறார்கள். பெறுகிறவர் அந்தக் கட்டத்தின் மேல் மவுஸை இழுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டினால் கீழே இருக்கும் எழுத்து அப்படியே வந்துவிடும். கட்டம் மேலே இருக்கிறது, எழுத்து கீழே உயிரோடு இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் பின்னாளில் வைத்துக்கொண்ட முறை பழைய முறைதான். முதலில் நகல் எடுப்பது. நகலின் மேல் தடித்த கறுப்பு மார்க்கரால் இரண்டு முறை அழுத்தி அடிப்பது. காய்ந்ததும் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எழுத்து மங்கலாகத் தெரியும், நிச்சயம் தெரியும். அதனால் அந்தத் தாளை அனுப்பக்கூடாது. அதை மறுபடி ஜெராக்ஸ் போட்டு, இரண்டாவது ஜெராக்ஸைத்தான் அனுப்ப வேண்டும், ஸ்கேன் செய்வதும் அதைத்தான். மார்க்கர் அடித்த தாள் கோப்பிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு அடிப்பின் ஓரத்திலும் எந்தப் பிரிவு என்று பென்சிலால் குறித்துவிட்டால் மேல்முறையீட்டு விசாரணையில் கேட்கும்போது தடுமாற வேண்டாம்.

கணினியிலேயே செய்ய வேண்டும் என்றால், மறைக்கிற எழுத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் "நீக்கப்பட்டது" என்று தட்டச்சு செய்து, அதன்பின் பிடிஎஃப் ஆக்குங்கள். எக்செல்லில் நெடுவரிசையை மறைத்து வைப்பது மறைப்பதே ஆகாது, ஒரு கிளிக்கில் திரும்ப வரும். அந்த நெடுவரிசையை நீக்கிய புதுக் கோப்பாகச் சேமித்து அனுப்புங்கள். கோப்பின் பெயரையும் பாருங்கள், உள்ளே எல்லாம் நீக்கிவிட்டு கோப்பின் பெயரில் நீதிபதியின் பெயரும் குடியிருப்பு எண்ணும் இருக்கும்.

நீதிபதி வீட்டிலிருந்து வரவேண்டிய கடிதம்

அலுவலகங்கள் தாமாகவே செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். எழுத்தில் கேட்டால் கோப்பு நகரும், கேட்காவிட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. மாவட்ட அளவில் உள்ள நீதிபதிகள் இதை முதன்மை மாவட்ட நீதிபதி வழியாக, கடலூரில் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்திலிருந்தோ புதுச்சேரியில் கடலூர் சாலை வளாகத்திலிருந்தோ, அலுவலகக் கடிதமாக அனுப்புவது நல்லது. தனி மனிதராக எழுதினால் சலுகை கேட்பது மாதிரி ஆகிவிடும், அதில் பலருக்குக் கூச்சம் இருக்கிறது.

கடிதத்தில் எந்த இணையப் பக்கம், எந்தக் கோப்பு, எத்தனையாவது பக்கம், எந்த வரி என்று குறிப்பாக எழுத வேண்டும். "என் தனிப்பட்ட விவரங்களை நீக்கவும்" என்று மட்டும் வந்தால் கணினிப் பிரிவில் இருப்பவர் என்ன செய்வார் பாவம். எதை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் எழுதுங்கள்: பெயர், பதவி, நீதிமன்றம், அலுவலகத் தொலைபேசி இருக்கட்டும், வீட்டு விலாசமும் சொந்த எண்ணும் மட்டும் நீக்கவும் என்று. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் தீர்ப்பளித்ததை ஒரு வரியில் குறிப்பிடலாம். வருங்காலத்தில் இதே தகவலைக் கேட்டு மனு வந்தால், இதை ரகசியமாகக் கருதுகிறேன், பிரிவு 11ன்படி எனக்கு அறிவிப்பு தரவும் என்ற வரியை மறக்காதீர்கள். மூன்றாம் நபர் தன் தகவலை ரகசியமாகக் கருதுகிறார் என்பதற்கு அந்த வரிதான் பின்னால் ஆதாரம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதையும் சொல்கிறேன். சொந்தக் காரில் நீதிபதி என்ற ஸ்டிக்கர் வேண்டாம். கொரியர், ஆன்லைன் ஆர்டருக்கு முடிந்தவரை நீதிமன்ற அலுவலக விலாசம். கடலூர் சில்வர் பீச்சிலோ புதுச்சேரி பீச் ரோட்டிலோ நடக்கப் போகிறவர்கள் நேரத்தையும் பாதையையும் அவ்வப்போது மாற்றுங்கள், நடைப்பயிற்சி ஆப்பில் பாதையை எல்லோரும் பார்க்கிறபடி விடாதீர்கள். பிள்ளைகளின் பள்ளி ஆண்டுவிழா படத்தில் அப்பாவின் பதவியைப் போட வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே வெளியே போய்விட்டதென்றால்

முதலில் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், இணைய முகவரியும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. கோபத்தில் உடனே நீக்கச் சொல்லிவிட்டால் பின்னால் நிரூபிக்க எதுவும் இருக்காது. அப்புறம் அந்த அலுவலகத் தலைவருக்கும் இணையதளத்தைப் பராமரிக்கிறவருக்கும் ஒரே நாளில் கடிதமும் போனும். நீக்கினபின் கூகுளில் தேடிப் பாருங்கள், பக்கம் போனாலும் தேடலில் அதன் சுருக்கம் சில நாள் நிற்கும். காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் படிவம் கூகுளிலேயே இருக்கிறது, அதை நிரப்ப 5 நிமிடம் ஆகாது. மிரட்டலும் சேர்ந்து வந்திருந்தால் காத்திருக்காமல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், முதன்மை மாவட்ட நீதிபதி வழியாக உயர் நீதிமன்றப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிய வேண்டும். "இங்க பாருங்க, ஜட்ஜ் நம்பர் வெளிய வந்துருச்சு" என்று வக்கீல் குரூப்பில் நாமே அதை ஃபார்வர்டு செய்யக்கூடாது. அக்கறையில் அனுப்பினாலும் அனுப்பினது அனுப்பினதுதான்.

இடமாற்றல் வரும்போது இதையெல்லாம் இன்னொரு முறை செய்ய வேண்டும். பழைய ஊரில் அவர் பெயரில் ஏறிய பக்கங்களை யாரும் எடுப்பதில்லை, புது ஊரில் முதல் வாரத்திலேயே குடியிருப்பு ஒதுக்கீட்டு ஆணை ஏதோ ஒரு குரூப்புக்குப் படமாகப் போய்விடும். சாவியை ஒப்படைக்கும் நாளில் நாற்காலி, மேஜை, மின்விசிறி என்று சாமான் பட்டியலில் கையெழுத்து வாங்குகிறோமே, அந்தத் தாளின் கீழேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இணையத்தில் உள்ள ஒதுக்கீட்டு ஆணை, டெண்டர் பக்கம், தொலைபேசிப் பட்டியல் மூன்றும் சரிபார்க்கப்பட்டன, தேதி, கையெழுத்து.